நிமிடத்துக்கு நூற்று நாற்பது

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள்.
வட்டத்துக்கு மூலை கிடையாது,
அதனால் இங்கே யாரும் மூலையில் இல்லை என்றாள்
லிட்டில் ராக்கிலிருந்து வந்த பெண்.
கழுத்தில் பச்சை அட்டை. குரலில் தேன்.
எங்கள் விரல்களில் இன்னும் குளிர் இறங்கவில்லை.

அர்கான்சாவில் ஒரு கோழி ஆலை.
தலைகீழாக வரும், நிமிடத்துக்கு நூற்று நாற்பது.
வெட்டுகிறவர்களுக்குக் கத்தி தீட்டித் தருகிறேன்,
பத்தொன்பது வருடமாக.
கத்திக்கு நிறம் தெரியாது என்று
கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிந்தவன்.

சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி.
பல நிறக் கைகள் ஒன்றையொன்று பற்றியிருந்தன.
வரைந்தவன் எல்லாக் கைக்கும் ஐந்து விரல் போட்டிருந்தான்.
எங்களிடம் அந்தக் கணக்கு இடிக்கும்.

மனதில் உள்ளதைப் பேசுங்கள் என்றதும்
நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.
'போன வாரம் பட்டையின் வேகத்தைக் கூட்டினார்கள்.
மணிக்கு எண்பது சென்ட் கேட்டோம்,
நாற்காலி கொடுத்திருக்கிறார்கள்.
ஆடு நனைகிறதே என்று அழும் ஓநாய்
இப்போது ஆளுக்கொரு காகிதக் கைக்குட்டையும் நீட்டுகிறது.
கறுப்பு வெள்ளை என்று பேசவிட்டால்
காசைப் பற்றிப் பேச நேரம் இருக்காதில்லையா.'

சிலர் தட்டினார்கள். கையுறையோடு தட்டினால்
ஈரத்துணி உதறுகிற சத்தம்.
எனக்கு அது போதுமாயிருந்தது.

எதிர் நாற்காலியில் லவோனியா ப்ரூவிட்.
நான் தீட்டிய கத்தி அவள் கையில்
பதினோரு வருடம்.
'நீ சொல்வது சரி' என்றாள்.
'உன் அப்பாவும் இதையேதான் சொன்னார்.
முதலில் கூலி, மற்றதெல்லாம் பிறகு.
எழுபத்திரண்டில், சங்கக் கூடத்து வாசலில்.
என் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் போயிருந்தார்,
சந்தாவுக்கு ஒரு டாலரை நாலாக மடித்துக்கொண்டு.
உள்ளே பந்தி நடந்தது.
வாசலில் நிறுத்திவைத்தே
நாமெல்லாம் ஒரே பந்தி என்றார் உன் அப்பா.
டாலர் வியர்வையில் ஊறித் திரும்பி வந்தது.
வேலைநிறுத்தம் தொடங்கி ஒன்பதாம் நாள்
என் அப்பாவை உள்ளே கூப்பிட ஒருவன்தான் இருந்தான்,
படியளக்கிறவன்.
நீங்கள் ஏன் தோற்றீர்கள் என்று
உன் வீட்டில் என்ன சொன்னார்கள்?'

ஒரே சொல் சொன்னார்கள். கருங்காலிகள்.
அதற்குள் ஒரு நிறம் இருப்பது
அறுபது வயதில், அந்த நாற்காலியில்தான்
எனக்குக் கேட்டது.

'அருமை, இதுதான் வேண்டும்' என்று
பச்சை அட்டைக்காரி குறித்துக்கொண்டாள்.
கைக்குட்டைப் பெட்டி கை மாறிக் கை மாறி
என்னிடம் வந்தது.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
லவோனியா கையைத் தூக்கினாள், நடுவிரல் மடங்காத கை.
'இங்கே வேண்டாம்.
படம் பிடித்து அதையும் சுவரில் ஒட்டுவார்கள்.'

மார்ஷல் தீவுக்காரி லிஜோன்,
அந்தச் சண்டையில் எந்தப் பக்கத்திலும் அப்பன் இல்லாதவள்,
'அப்படியானால் எண்பது சென்ட் உண்டா, இல்லையா?' என்றாள்.
யாரோ சிரித்தார்கள். மணி அடித்தது.

கையுறைத் தொட்டி அருகே
லவோனியா அங்கிக்குள்ளிருந்து ஒரு தாள் எடுத்தாள்.
சங்கம் கேட்டு மனு.
ஏழு பெயர்கள். ஏழாவது அவளுடையது.
மேலே, ஓரத்தில், கொஞ்சம் இடம் இருந்தது.
என் கண் போன திசையைப் பார்த்துவிட்டாள்.
'கீழே' என்றாள். 'என் பெயருக்குக் கீழே.'

அழுத்தி எழுதினேன். குளிரில் மை இறங்கவில்லை.
தாளில் என் பெயர் அளவுக்குப் பள்ளம் மட்டும்.
பேனாவை அவள் வாங்கினாள்,
வாயருகே வைத்து ஊதினாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.

பட்டை ஓடத் தொடங்கிவிட்டது.